கறுப்புக் கொடி

டீசல் வாடை வந்ததும் நாகப்பட்டினத்து விசைப்படகுகள் மனதில் ஆடுகின்றன. இது துபாயின் ஜெபல் அலி துறைமுகம், லாரிகள் நிற்கும் ஒரு டீக்கடை. விசா இல்லாமல் ஒளிந்திருப்பவர்கள் தாமாகச் சரணடைந்தால் தண்டனையின்றி ஊருக்கு அனுப்புவார்களாம். அந்தப் பொதுமன்னிப்பு இன்றோடு முடிகிறது. எதிரில் அமர்ந்திருக்கும் முருகேசன், விசா கொடுத்த அரபு முதலாளியான கஃபீலை விட்டு ஓடி, பகலில் வெளியே வராமல் வாழ்ந்தவர். இன்று சவரம் செய்திருக்கிறார். மடியில் புடைத்த பை.

"உள்ள என்னங்க?"

"கோடாலித் தைலம், பால்பவுடர். வெறுங்கையோட போனா ஊர்ல சிரிப்பாங்கண்ணே. ஆனா புடிச்சு உள்ள போட்டுட்டா?"

தொலைக்காட்சியில் பழைய போர்ப்படம். ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் மேலே வந்து கறுப்புக் கொடி ஏற்றுகின்றன. தாடி மண்டிய மாலுமிகள் வெளிச்சத்துக்குக் கண் கூசுகிறார்கள்.

"யாருண்ணே இவங்க?"

"போர்ல தோத்தவங்க. கறுப்புக் கொடி ஏத்தி சரண்டர் ஆகுறாங்க."

"சுட்டுட்டாங்களா?"

"இல்ல. அடைச்சு வெச்சிருந்து ஊருக்கு அனுப்பிட்டாங்க."

"எவ்வளவு நாளு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "சிலருக்கு வருஷக்கணக்கா."

அவர் திரையையே பார்க்கிறார். தாடிக்காரன் ஒருவன் கரையில் குதிக்கிறான். வெளியே பொதுமன்னிப்பு மையத்துக்குப் போகும் பேருந்து வந்து நிற்கிறது. முருகேசன் எழுகிறார். பையைத் தூக்கி அவர் தோளில் வைக்கிறேன்.

"பாத்துண்ணே, தைலம் ஒடஞ்சிரப் போவுது" என்கிறார்.