மாமாவின் கண்ணும் என் ஓட்டை வாயும்

என்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதும் ஊரைக் கூட்டித் தண்டோரா போடுவதும் ஒன்றுதான் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். சும்மா சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் அப்பா எருமைக்கு விலை பேசியது, அக்கா பித்தளைக் குடத்தைக் கிணற்றில் விட்டது, பக்கத்து வீட்டில் இருந்த பெரியம்மா எங்கள் வீட்டுக் குழம்பைப் பற்றித் தெருவில் பேசியது, எல்லாமே என் வாய் வழியாகத்தான் உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒன்பது வயதில் எனக்கு வீட்டுப் பெயரே ஓட்டை வாய். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு ரகசியத்தை எட்டு நாள் கட்டிக் காத்தேன். அந்த எட்டு நாளை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

பென்னலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். இப்போது அங்கே தொழிற்சாலை மதில் ஒன்று முடிந்தால் இன்னொன்று தொடங்குகிறது. எழுபதுகளில் ஏரியும், ஏரிக்குக் கீழே நெல்லும், மேட்டில் வேர்க்கடலையும்தான். அம்மாவின் ஒரே தம்பி எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை அம்மா இடுப்பில் தூக்கிச் சுமந்து ஆளாக்கியிருந்தாள். மாமாவுக்குக் கண் பெரிது. சாமிக்கு வரைந்த மாதிரி நீளமான கண். எங்கள் தெருவில் அந்தக் கண்ணைப் பற்றிப் பேசாத பொம்பளை கிடையாது. அக்கா தொட்டிலில் கிடந்தபோதே அவள் மாமாவுக்குத்தான் என்று முடிவாகியிருந்தது. அக்காவும் அதில் ஒரு குறையும் கண்டதில்லை. மாமா வாசலில் செருப்பை விடும் சத்தம் கேட்டாலே அவளுக்குக் கை கால் ஓடாது.

மாமா பட்டணத்தில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டார். நைட் ஷிப்ட் ஒத்துக்கொள்ளவில்லையாம். வந்த பிறகுதான் கவனித்தோம், பொழுது சாய்ந்தால் அவர் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். மாலைக்கண் என்று அம்மா ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். “கம்பெனி சோறு துன்னு சத்தே பூட்ச்சு என் தம்பிக்கு!” அன்றிலிருந்து வீட்டில் முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, வாரத்துக்கு ஒரு நாள் ஆட்டு ஈரல். ஈரல் மாமாவுக்கு, வாசனை எங்களுக்கு.

ஆனால் பகலிலும் மாமா ஒரு தினுசாகத்தான் இருந்தார். எதிரே இருக்கும் ஊசியில் ஒரே முயற்சியில் நூல் கோத்துவிடுவார், பக்கத்தில் நிற்கும் எருமை மேல் போய் முட்டிக்கொள்வார். காய வைத்த வடகத்தை மிதித்துக்கொண்டு போவார். திட்டு என்னவோ எங்களுக்குத்தான் விழும், வழியில் வைத்தோமாம்.

அந்தச் சமயத்தில் ஸ்ரீபெரும்புதூர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். புரை பார்க்க வந்த டாக்டர்களில் ஒருவர் மாமாவின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு வந்து மிஷினில் சோதித்துக்கொள்ளச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மூன்று டாக்டர்கள் சேர்ந்து பார்த்த கண் என்று அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்குள் அக்காவுக்குப் பரிசம் போட நாள் குறித்தாகிவிட்டது. பரிசத்துக்கு எட்டு நாள் முன்னால் மாமா மெட்ராஸ் புறப்பட்டார். துணைக்கு அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். மாமா என்னைக் கை காட்டினார்.

“இத்த இட்னு போறேன். இது போதும்.”

அப்பா ஒரு மாதிரி பார்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆஸ்பத்திரியில் மாமாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, இருட்டு அறையில் அரை மணிக்கு மேல் உட்கார வைத்தார்கள். நானும் உட்கார்ந்தேன், பேசாமல் இருந்ததுதான் கஷ்டம். பிறகு டாக்டரம்மா வந்து, மின்மினி அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு வெளிச்சத்தில், ஒயர் கோத்த சின்னக் கண்ணாடி மூடியை மாமாவின் கண்மணி மேல் பொருத்தினார். பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. பக்கத்தில் ஒரு மிஷின் காகிதத்தில் கோடு இழுத்துக்கொண்டே போனது.

வெளியே வந்ததும் டாக்டரம்மா இரண்டு காகிதங்களை மேசை மேல் வைத்தார். ஒன்றில் கோடு பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறியிருந்தது. அது நல்ல கண்ணாம். மாமாவுடையது அடிஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராகக் கிடந்தது.

“மாமா, உன்னுது எவ்ளோ நீட்டா கீது பாரு!” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். கண்ணுக்குள்ளே பின்பக்கம் விழித்திரை என்று ஒன்று இருக்கிறது, வெளிச்சம் பட்டால் அதில் துளியூண்டு மின்சாரம் வரும், மிஷின் எழுதுவது அதைத்தான், மாமாவின் கண்ணில் அது வரவில்லை. மேலுக்குக் கண் அழகாக இருந்தாலும் உள்ளே ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போய்க்கொண்டு வருகிறது.

“ஈரல் துன்னா சரியாப் பூடுங்களா மேடம்?” என்று மாமா கேட்டார்.

“இது சத்துக் குறைவு இல்லீங்க. பிறவியிலேயே வர்றது. இதுக்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கல. அதுக்குத்தான் நாங்க ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கோம். வருஷா வருஷம் நீங்க வந்தா எங்களுக்கு உதவியா இருக்கும்.”

பிறகு அவர் குடும்பத்தைப் பற்றிக் கேட்டுக் கேட்டு, ஒரு தாளில் வட்டமும் கட்டமுமாகப் போட்டார். மாமாவின் அப்பாவே தன் அக்கா மகளைக் கட்டியவர் என்றதும், சொந்தத்துக்குள் கட்டியதற்கு அடையாளமாக இரண்டு கோடு இழுத்தார். மாமா மெல்ல, தனக்கும் அக்கா மகளைத்தான் பேசியிருக்கிறது, அடுத்த வாரம் பரிசம் என்றார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“பொறக்கிற குழந்தைக்கு வந்தே தீரும்னு சொல்லமாட்டேன். வராதுன்னும் சொல்ல முடியாது. சொந்தத்துல வேண்டாங்க. வீட்ல எடுத்துச் சொல்லுங்க.”

“நான் சொன்னா எங்க அக்கா நம்பாது மேடம். பொண்ணு புடிக்கலன்னு சாக்கு சொல்றேன்னுதான் நெனைக்கும்” என்றார் மாமா. அப்புறம் அந்தப் பெரிய கண்ணால் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

பஸ் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஏரிக்கரை மேல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் முன்னால் நடந்தேன். பாதி வழியில் நின்றார்.

“டாக்டரம்மா சொன்னதெல்லாம் கேட்டுக்கினு தானே இருந்த?”

“கேட்டேன் மாமா.”

“யார்கிட்டயும் சொல்லக் கூடாது. இன்னா? சொல்லாம இருந்தா வல்லக்கோட்டை கிருத்திகைக்கு ஒரு டஜன் வளையல் வாங்கித் தருவேன்.”

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சொன்னார். வீட்டு வேலி வந்ததும் இன்னொரு தடவை. அவர் குரல் என்னவோ போல் இருந்தது. என்னை நம்பி யாரும் எதையும் சொன்னதே இல்லை. அந்த இருட்டில் எனக்கு நெஞ்சு விம்மியது. உயிரே போனாலும் சொல்வதில்லை என்று வல்லக்கோட்டை முருகன் மேல் ஆணை வைத்தேன்.

அம்மா வாசலிலேயே மடக்கினாள். ஆஸ்பத்திரியில் பிஸ்கட் கொடுத்தார்கள் என்றேன். வாயில் கொழுக்கட்டையா என்றாள். மாமா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் கிணற்றடியில் கேட்டார். “யார்கிட்டயும் சொல்லலியே?” சொல்லவில்லை என்றேன். “அம்மாகிட்ட கூடவா?” அம்மாவிடமும் இல்லை. மூன்றாம் நாள் கேட்டார், நான்காம் நாள் இரண்டு தடவை கேட்டார். நான் ஒவ்வொரு முறையும் மார்பை நிமிர்த்திக்கொண்டு இல்லை என்பேன். அவர் முகம் சுருங்கிப்போகும். பயத்தில் இருக்கிறார், பாவம் என்று நினைத்துக்கொள்வேன். ஆறாம் நாள் பெரியம்மாவோடு என்னைத் தனியாக உட்கார வைத்துவிட்டு, “ஆஸ்பத்திரில நடந்தத பெரிம்மாவுக்குச் சொல்லேண்டி” என்று தானே எடுத்துக் கொடுத்தார். என்னைச் சோதிக்கிறாராம்! நான் விடுவேனா, சிவப்பு விளக்கைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசினேன். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

பரிசத்தன்று மாப்பிள்ளை வீடும் நாங்களே, பெண் வீடும் நாங்களே. அதனால் அம்மா தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், புடவை எல்லாம் அடுக்கி, பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினாள். அதே தட்டு மாப்பிள்ளை வீட்டுச் சீராக மேளத்தோடு திரும்பி வந்தது. அம்மா வாசலில் நின்று, முன்பின் பார்க்காதவள் போல, வாங்க வாங்க என்று கூப்பிட்டாள். கூடம் நிறைய சனம். அக்கா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. மாமாவுக்கு மட்டும் முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. இரண்டு தடவை வாயைத் திறந்து மூடிக்கொண்டார்.

அப்பா தட்டை வாங்கக் கை நீட்டும்போது பெரியம்மா அக்காவின் நெற்றியில் குங்குமம் வைத்து வாழ்த்தினாள்.

“அடுத்த வருஷமே ஒண்ணு பொறக்கட்டும். மாமன் கண்ணு மாதிரியே பொறக்கட்டும்!”

“ஐயோ, அந்தக் கண்ணு வேணாம் பெரிம்மா!” என்று கத்திவிட்டேன். “அது உள்ள செத்துக்கினு வருதாம். சொந்தத்துல கட்டினா கொயந்தைக்கும் வருமாம். மருந்தே கெடையாதாம்!”

மேளக்காரன் கூட நிறுத்திவிட்டான். அம்மா பாய்ந்து வந்து என்னை மொத்தினாள். அடிக்கு நடுவே மாமாவின் குரல் கேட்டது.

“அத்த அடிக்காதக்கா. கொயந்த பொய் சொல்லாது.”

“நெசமாடா?” என்றாள் அம்மா.

“நெசந்தான்.”

அப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டார். அக்கா யாரையும் பார்க்காமல் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. “ஓட்ட வாயி, என் தம்பி வாழ்க்கையக் கெடுத்துட்டியேடி” என்று அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் புலம்பினாள். மாமா என் கண்ணில் படும்போதெல்லாம் ஓடி ஒளிந்தேன்.

அக்காவைப் பிற்பாடு குன்றத்தூரில் கொடுத்தார்கள். இரண்டு பிள்ளைகள், இரண்டுக்கும் நல்ல கண். மாமா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஆனால் வருஷம் தவறாமல் மெட்ராஸுக்குப் போய் அந்த இருட்டு அறையில் உட்கார்ந்துவிட்டு வந்தார். ஒவ்வொரு தடவையும் கோடு நேராகவே வந்தது. தனக்கு இல்லாவிட்டாலும் பின்னால் வருகிறவர்களுக்கு ஆகட்டும் என்பார். பார்வை முழுக்கப் போன பிறகு ஊரில் கம்பெனிகள் வந்து ராத்திரியெல்லாம் விளக்கு எரிந்தது. “இத்த அப்பவே போட்டிருக்கக் கூடாதாடி” என்று சிரிப்பார்.

அதெல்லாம் பின்னால். பரிசம் நின்ற மாதமே வல்லக்கோட்டை கிருத்திகை வந்தது. மாமா என்னைத் தேடிப் பிடித்து, கையைக் கோத்துக்கொண்டு கூட்டிப்போனார். அடிக்கத்தான் போகிறார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே நடந்தேன். அவர் நேராக வளையல் கடையில் போய் நின்று இரண்டு டஜன் எடுத்துத் தரச் சொன்னார்.

“நான்தான் சொல்லிட்டேனே மாமா” என்றேன். அழுகை வந்துவிட்டது. “அப்புறம் இன்னாத்துக்கு வளையல்?”

“அதுக்குத்தான்” என்றார். “எட்டு நாளு என்னியத் தவிக்க வுட்டுட்டியே, கழுத. கையக் காட்டு.”

ஒவ்வொன்றாகத் தடவித் தடவி என் கையில் ஏற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது. கணக்கே தப்பாக இருக்கிறதே என்று யோசித்தேன். சொல்லாமல் இருந்தால் ஒரு டஜன், சொன்னால் இரண்டு டஜனா? பாவம், மாமாவுக்குக் கண்ணோடு சேர்ந்து ஞாபகமும் போய்க்கொண்டிருக்கிறது என்று முடிவு செய்தேன். இதையாவது யாரிடமும் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, கை நிறைய வளையல் குலுங்க, அவரைப் பிடித்துக் கோயில் படி ஏற்றினேன்.