மூடி போட்டால் அமுங்கும் பாட்டு

சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருப்பதால் அவன் பெயரே டெஸ்டர் என்று ஆகிப்போனது. கடைத்தெருவில் ரேடியோ, ஸ்பீக்கர், மைக் என்று எது உயிரை விட்டாலும் அவனிடம்தான் வரும். கைவேலையில் குறை சொல்ல முடியாது. வாய்தான், அப்பப்பா, நாக்கிலே சனி!

அவனுடைய அக்கா புருஷன் பியானோவுக்குச் சுருதி கூட்டுகிறவர். பள்ளிக்கூடம், ஹோட்டல், பெரிய வீடு என்று பையைத் தூக்கிக்கொண்டு அலைவார். காதுதான் அவருக்குச் சோறு போட்டது. வெகுநாள் ஆசைப்பட்டு உயர்ந்த ரக ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கினார். தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். வாங்கிய கொஞ்ச நாளிலேயே, "பாடிக்கிட்டே இருக்கும்போது இடது பக்கம் சத்தம் அமுங்கிடுதுடா" என்று மச்சினனிடம் கொண்டுவந்தார்.

டெஸ்டர் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு நாள் முழுக்கப் பாடவிட்டான். கணீரென்று பாடியது. வீட்டுக்குப் போனால் அதே புகார். மறுபடி மூடியைக் கழற்றினான், மறுபடி கணீர். எரிச்சல் வராதா? வந்தது. அக்கா வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லாம் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து வாயைத் திறந்தான்.

"மாமா, மிஷின் நல்லாத்தான் இருக்கு. அந்த இடது காதக் கழட்டிக் குடுங்க, சர்வீஸ் பண்ணித் தர்றேன்."

மேசையே குலுங்கியது. அக்காவும் சிரித்தாள், மாமாவும் சிரித்தார். சிரித்த மனிதர் மறுநாள் வேலைக்குப் போகவில்லை.

காதுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் டாக்டர் சொன்னார். மாமா நம்ப வேண்டுமே! "டாக்டருக்கு என்ன தெரியும்? நம்ம டெஸ்டரே சொல்லிட்டான்" என்று சுருதி கூட்டும் சாமான்களைக் கட்டிப் பரணில் ஏற்றினார். யார் பேசினாலும் வலது காதைத் திருப்ப ஆரம்பித்தார். ஆம்ப்ளிஃபயரையும், "இனிமே எனக்கெதுக்கு?" என்று டெஸ்டர் கடைக்கே அனுப்பிவிட்டார்.

ஒரு மத்தியானம். டீ கிளாஸ் வைக்க இடமில்லாமல், பாடிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயர் மேல் மூடியைக் கவிழ்த்து அதன் மேல் கிளாஸை வைத்தான் டெஸ்டர். டீ ஆறி ஏடு கட்டி, அதை அவன் மறந்தே போன நேரத்தில் இடது பக்கம் அமுங்கியது. மூடியை எடுத்தான். சற்றுப் பொறுத்து சத்தம் வந்தது. மூடினான், போனது. உள்ளே ஈயம் பற்றவைத்த இடத்தில் மயிரிழை விரிசல். சூடு ஏறினால் வாய் பிளந்தது, காற்றுப் பட்டால் சேர்ந்துகொண்டது. மூடியைத் திறந்துபோட்டே பார்க்கிற மெக்கானிக் புத்திக்கு அது எப்படி அகப்படும்? எந்த வீட்டில் மூடியில்லாமல் பாட்டுக் கேட்கிறார்கள், மடையா!

"பாவி, நல்ல காதைப் போய்ச் சொன்னியே" என்று தலையில் அடித்துக்கொண்டான். பற்றவைக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பழியைத் தூக்கிக் கம்பெனி மேல் போட்டுவிடலாமா என்றும் புத்தி போனது. சீ என்று இருந்தது. வண்டி பிடித்து ஏற்றிக்கொண்டு போனான்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மாமா வழக்கம்போல வலது காதைத் திருப்பினார்.

"மாமா, உங்க காதுல ஒண்ணுமில்ல. கோளாறு மிஷின்லதான். நான் மூடியத் திறந்து வச்சே பாத்துட்டேன். தப்பு என்னுது."

மாமா வலது காதை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு இடது காதை நீட்டினார்.

"இதுல சொல்லு. மெதுவா."

டெஸ்டர் குனிந்தான். மூச்சு விடுகிற அளவுக்குத்தான் சத்தம் வந்தது. "தப்பு என்னுது, மாமா."

"கேக்குது" என்றார். கண் கலங்கியிருந்தது. "இப்ப உங்க அக்காவக் கூப்பிடு. அன்னிக்குச் சிரிச்ச அத்தன பேரையும் வரச் சொல்லு. அவங்க முன்னாடியும் சொல்லு."

"அக்கா" என்றான் டெஸ்டர். அடுப்படியில் இருந்தவளுக்கு அது எட்டவில்லை.

"அன்னிக்கு இதவிடச் சத்தமாத்தானே சொன்ன" என்றார் மாமா.