லாட்ஜ் கையேட்டில் வந்த முனைவர்

இல்லாத ஒரு முனைவரை நான் உண்டாக்கினேன். அவரை நம்பிய ஜெசிந்தாவின் ஆய்வேடு கவிழ்ந்தது. அப்போது நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன்... உண்மையை விழுங்கிக்கொண்டு.

என்னை வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். அவ்வளவு திறமை கிடையாது. திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜின் மேனேஜர். ஐம்பதை நெருங்கும் வயதில் அஞ்சல்வழியில் உளவியல் படிக்கக் கிளம்பியவன். கோட்டுச்சேரியில் நர்சரிப் பள்ளி ஆசிரியையான ஜெசிந்தா என்னோடு படித்தவள்.

சனிப்பெயர்ச்சிக் கூட்டத்துக்காக முதலாளி ஒரு கையேடு அச்சடித்தார். இரண்டு பக்கம் காலியாகக் கிடந்தது. குளத்தில் முழுகிப் பழைய துணியை விட்டுவிட்டு வருபவர்களுக்கு மனப்பதற்றம் குறைகிறது என்று எழுதி நிரப்பினேன். விளையாட்டாக ஒரு சதவீதம், நானே கட்டிய நான்கு மேற்கோள் நூல்கள், மேலே ஒரு முனைவர் பெயர்... அச்சில் பார்த்தபோது எனக்கே மரியாதை வந்தது!

ஜெசிந்தாவின் கையில் அது சிக்கியது.

"அண்ணே, இவர் நெஜமாவே ஆராய்ச்சி பண்ணவரா? யாரு எழுதுனாங்க, யாரு சரிபாத்தாங்கன்னு பாக்கச் சொல்லித்தானே பாடத்துல இருக்கு?"

ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? சிரித்துவிடுவாளே என்ற பயம்! ஊரைச் சிரிக்கவைப்பவனுக்குத் தன்னைப் பார்த்து ஊர் சிரித்தால் தாங்காது.

"பெரிய ஆளும்மா. எனக்கு நல்லாத் தெரியும்" என்றேன். அந்தக் கட்டுரையை நம்பியே அவள் தன் ஆய்வேட்டை எழுதினாள்.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கேட்டார்: "இது எந்த ஆய்விதழ்ல வந்துச்சும்மா?"

என் முறைக்காகப் பக்கத்தில் காத்திருந்த என்னை அவள் காட்டினாள். "அண்ணனுக்கு அவரை நல்லாத் தெரியும் சார்."

மின்விசிறியை அண்ணாந்து பார்த்தேன், அது சுற்றும் என்பதை அன்றுதான் கண்டுபிடித்தவன் போல!

"கேள்விப்பட்டிருக்கேன் சார்..."

முழுவதையும் மறுபடி எழுதச் சொன்னார்கள். ஒரு பள்ளியில் ஆலோசகர் வேலை அவளுக்காகக் காத்திருந்தது. பட்டம் தாமதமானதில் அது வேறொருவருக்குப் போயிற்று. நான் தேறிவிட்டேன். என் ஆய்வேட்டில் முறையான ஆய்விதழ்க் கட்டுரைகள் மட்டுமே இருந்தன. வித்தியாசம் எனக்குத் தெரியாமலில்லை, கவனியுங்கள்...

அவள் திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

"பாவம்ணே அந்த டாக்டர். எல்லார் முன்னாடியும் போலின்னுட்டாங்க. உங்க லாட்ஜுக்கு வந்தா சொல்லுங்க. ஆராய்ச்சித் தாளெல்லாம் வாங்கித் தேர்வாளருங்ககிட்ட காட்டிடறேன்."

சரி என்றேன்.

சனிக்கிழமைதோறும் போன் செய்கிறாள். பதிவேட்டைப் புரட்டுவதுபோல் தாள் சத்தம் எழுப்பிவிட்டு, "இன்னும் வரலைம்மா" என்கிறேன்.