வலது தோளில் முந்தானை

அம்மா செத்து வருடம் திரும்பப் போகிறது, வீட்டுச் சுவரில் மாட்ட ஒரு படம் இல்லை. கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ரகம் அவள். ஒரு கல்யாணத்தில் யாரோ பிடித்த கூட்டப் படத்தில் மட்டும் தப்பித் தவறி நேராக நிற்கிறாள். அது தவளக்குப்பத்தில் இருக்கும் அக்காவின் போனில் இருந்தது. வருடப் படையலுக்குள் ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கிவிடலாம் என்றாள் அக்கா.

எனக்கு எரிச்சல் வந்தது. ஸ்டுடியோவில் கொடுத்தால் செத்தவர்களுக்கு உதட்டுச் சாயம் பூசி, பின்னால் அருவி கொட்ட விடுவார்கள். கரும்புக் கொல்லையில் சோகை உரித்த பொம்பளைக்கு எதற்கு அருவி? நானே போடுகிறேன் என்றேன். இரண்டு பொடியைத் தண்ணீரில் கரைத்து, காகிதத்தில் பூசி, வெயில் காட்டினால் நீல நிறத்தில் படம் விழும் அந்தக் காலத்து முறை ஒன்றை வீடியோவில் பார்த்திருந்தேன். பார்த்தது ஒரே ஒரு வாட்டி. அதுவும் குழம்பைக் கிளறிக்கொண்டே.

"நீ சொதப்பனேன்னு வெச்சிக்க, அருவிதான் மாட்டுவேன்" என்றாள் அக்கா.

பாகூர் ஜெராக்ஸ் கடையில் அம்மாவை மட்டும் வெட்டியெடுத்து, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றி, கண்ணாடி போன்ற ஷீட்டில் அடித்துக் கொடுத்தார்கள். மருந்து பூசிய காகிதத்தின் மேல் அதை வைத்து வெயில் காட்ட வேண்டும்.

முதல் காகிதத்தில் மருந்தைப் பூசியதும் நேராக மாடிக்குக் கொண்டுபோய்க் காயவைத்தேன். நெல்லையும் மிளகாயையும் வடகத்தையும் காயவைத்தே பழகிய கை இது, ஈரமாக எதைப் பார்த்தாலும் மாடிக்குத்தான் போகும். பூசியதை இருட்டில்தான் காயவைக்க வேண்டும் என்று அந்த வீடியோ ஆள் திரும்பத் திரும்பச் சொன்னது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அம்மாவை வைப்பதற்கு முன்பே காகிதம் முழுக்க நீலமாகிக் கிடந்தது.

"பரவால்ல, வானம் நல்லா வந்துக்குது" என்றார் என் வீட்டுக்காரர்.

அடுத்ததைப் பீரோவுக்குள் காயவைத்தேன். வெயில் காட்டியதும் அம்மா விழுந்தாள். கண், மூக்கு எல்லாம் தெரிந்தது. அதன் பிறகு நன்றாகக் கழுவ வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். எனக்கு நன்றாகக் கழுவுவது என்றால் சோப்புத்தூள் போட்டுக் கழுவுவதுதான். பக்கெட்டில் ஒரு பிடி அள்ளிப் போட்டு முக்கினேன். அம்மா மஞ்சளாகி, வெளுத்து, மறுபடியும் போய்ச் சேர்ந்தாள். பக்கெட்டை எட்டி உதைத்தேன். கால் விரல் வீங்கியது.

"பெத்த அம்மாவ அழுக்குன்னுட்டியேடி" என்றார் அவர். அன்றைக்கு அவருக்கு நான் சோறு போடவில்லை.

அதற்கடுத்த படத்துக்கு வெறும் தண்ணீர். அம்மா நின்றாள். பிரேம் போட்டு வைத்துக்கொண்டு தெருவெல்லாம் பெருமை பேசினேன்.

படையலன்று அக்கா வந்தாள், கையில் தட்டையாக ஒரு பை. உள்ளே இருப்பது அருவி என்று கேட்காமலே தெரிந்தது. இலையில் சோறும் வடையும் பாயசமும் வைத்து, என் படத்துக்கு மாலையும் போட்டாயிற்று. கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"இன்னாடி, அம்மா முந்தானைய வலது தோள்ல போட்டுகினு இருக்குது? மூக்குத்தியும் இந்தாண்ட வந்துட்டுது. அடகுக்கட சேட்டம்மா மாதிரி இல்ல இருக்குது."

இத்தனை நாள் அந்த முகத்தையே முறைத்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் கண் தெரிந்தது. ஷீட்டில் மை இருக்கும் பக்கத்தைக் கீழே வைத்ததில் அம்மா இடம் வலமாகத் திரும்பிவிட்டாள்.

"ஷீட்ட திருப்பிப் போட்டா ஆவாதா?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. அதைச் சொல்லப் பிடிக்காமல், "பூசனது இன்னும் ஒண்ணுதான் இருக்குது" என்றேன்.

"அப்ப போடு. இல்லன்னா இந்தா, அருவி."

காக்கைக்குச் சோறு வைக்க மாடிக்குப் போகும்போது அதையும் கொண்டுபோனோம். காகிதம், திருப்பிய ஷீட், மேலே கண்ணாடி என்று வெயிலில் வைத்தேன். அக்கா கைப்பிடிச் சுவரில் சோறு வைத்துக் கூப்பிட்டாள். காக்கை வந்தது. ஒரு வாய் அள்ளிக்கொண்டு நேராக என் கண்ணாடி மேல் இறங்கியது. அங்கே சோற்றைப் பரப்பி வைத்து நிதானமாகத் தின்றது.

"ஓட்டுக்கா."

"படையலுக்கு வந்துகிற அம்மாவ நான் ஓட்டுவனா? ஒன் படம், நீ ஓட்டு."

"எனக்கு மட்டும் அம்மா இல்லியா?"

காக்கையாவது அம்மாவாவது என்று பேசித் திரிகிறவள் நான். கை எழவில்லை. தின்று முடித்து அது பறந்தபோது பருக்கைகள் கண்ணாடியில் ஒட்டிக்கிடந்தன. நல்ல வெயில். வேலை முடிந்திருந்தது.

தண்ணீரில் அலசி எடுத்தேன். முந்தானை இடது தோளில். மூக்குத்தி அதன் இடத்தில். மார்பு நெடுக வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், சோறு வெயிலை மறைத்த இடங்கள்.

அக்கா குனிந்து அந்தப் புள்ளிகளைப் பார்த்தாள்.

"மேல சோறு சிந்தாம அம்மா என்னிக்கி சாப்ட்டுக்குது?" என்றாள். ஈரம் காய்ந்ததும் பையிலிருந்த அருவியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, படத்தை உள்ளே வைத்துக்கொண்டாள். "இத நான் எடுத்துகினு போறன். ஒனக்குத்தான் சேட்டம்மா இருக்குதே."

என் சுவரில் சேட்டம்மாதான் இருக்கிறாள். யார் இது என்று கேட்கிறவர்களிடம் எங்கம்மா என்று முறைப்பாகச் சொல்கிறேன். அருவி பீரோவுக்குள் இருட்டில் காய்கிறது.