தப்புப் போடும் டீச்சர்

அந்தப் பள்ளிக்கூடத்தில் போய்க் கணக்கு டீச்சர் எங்கே என்று கேட்டால் வாட்ச்மேன் கொஞ்சம் யோசிப்பார். தப்பு டீச்சர் என்று கேட்டால் உடனே மாடிப்படியைக் கை காட்டுவார். பிள்ளைகள் வைத்த பேர் அது. அவளுக்கும் தெரியும், அதில் கோபம் கிடையாது. "செய்யற வேலையைப் பாத்துதானே வெச்சிருக்காங்க" என்பாள்.

அவள் வேலை அப்படி. ஒரு கணக்கைப் போர்டில் போட்டுக்கொண்டே வருவாள். நடுவில் ஓரிடத்தில், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், வேண்டுமென்றே ஒரு தப்பைச் செய்துவிட்டு மேலே போவாள். யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிட்டால் வகுப்பே "டீச்சர், தப்பு" என்று அலறும். அவளோ ஒன்றும் அறியாதவள் மாதிரி கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, "எங்கே? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று போர்டைத் தடவுவாள். எங்கே தப்பு, ஏன் தப்பு என்று பிடித்த பிள்ளை எழுந்து சொன்னால்தான் அழிப்பாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற வகுப்பு. மற்ற பாடத்துக்குத் தலை தொங்கிப்போகிற பிள்ளைகள், இவள் வகுப்பில் எலி வளையைப் பூனை பார்க்கிற மாதிரி போர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இதை அவள் எந்தப் பயிற்சியிலும் படித்து வரவில்லை. அக்கா தங்கச்சி என்று ஆறு பெண்கள் இருந்த வீட்டில் நடுவில் பிறந்தவள். அங்கே ஒருத்தி வாய் தவறி ஒன்றைச் சொல்லிவிட்டால் மற்ற ஐந்து பேரும் பாய்ந்து பிடுங்கிவிடுவார்கள். அப்படி வளர்ந்தவளுக்குத் தப்பு என்பது வெட்கப்படுகிற சங்கதியாகவே தெரியவில்லை. பேச்சைத் தொடங்கிவைக்கிற ஒன்று, அவ்வளவுதான். பெரியக்கா வீட்டுக்காரரின் ஒன்றுவிட்ட தம்பியைத்தான் கட்டிக்கொண்டாள். அவர் தையற்காரர், வாயில் எப்போதும் குண்டூசி இருக்கிறதால் பேச்சுக் குறைவு. கடைக்குப் பக்கத்துக் கடையிலேயே அவருடைய தம்பி செல்போன் ரிப்பேர் பார்த்தான். அண்ணி என்றால் அவனுக்கு உயிர். கணக்கு என்றால் மட்டும் காத தூரம் ஓடுவான்.

அந்த வருஷம் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வாயாடி என்றால்தான் அவளைத் தெரியும். டீச்சர் சாக்பீஸை எடுப்பதற்குள் "தப்பு" என்கிற ரகம். "இன்னும் எழுதவே இல்லையேடி" என்றால், "எழுதப் போறீங்கல்ல டீச்சர்" என்பாள். அவளுடைய அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். தாய் போய்விட்ட பிறகு அவளை வளர்த்தது அப்பாவின் அக்கா, அத்தைக்காரி.

ஒரு நாள் அப்பா வேலை முடிந்து வந்து ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கை கழுவப் போனார். பரண்மேல் இருந்த எதையோ எடுக்க இவள் ஏறினாள். ஏணி வழுக்கியது. தொடை எலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே பாதம்வரை மாவுக்கட்டு. வருஷப் பரீட்சைவரை அசையக் கூடாது என்றுவிட்டார் டாக்டர்.

தலைமையாசிரியரான பெரிய சார் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஆனாலும் சொன்னார்: "மத்த பாடத்தைப் புஸ்தகத்தைப் பாத்துப் படிச்சுக்கும். கணக்கை என்ன பண்ணும்? பரீட்சை எழுதித் தேறினா மேல அனுப்பலாம். இல்லேன்னா இதே வகுப்புதான்."

அப்பாவுக்கு ஏணியை மறுபடி தொடவே கை கூசியது. "வருஷம் போனா போகட்டும் டீச்சர். கால் வந்தா போதும் எனக்கு" என்றார்.

டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. கூடப் படித்தவர்கள் எல்லாம் மேலே போய்விட, அந்த வாய் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அடங்கிப்போகும். வகுப்பை அப்படியே செல்போனில் படம் பிடித்து அனுப்புவது என்று முடிவு செய்தாள். வீட்டுக்காரர் பழைய தையல் மெஷின் காலில் ஒரு கிளிப்பைப் பொருத்தி, போன் நிற்க ஒரு தாங்கல் செய்து கொடுத்தார். அதைக் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நிறுத்தினாள். பள்ளி விட்டதும் போனைக் கொண்டுபோய்க் கொழுந்தனிடம் கொடுப்பாள்.

"அண்ணி, இதென்ன மீன் மார்க்கெட்டா? இந்தக் கூச்சலோட அனுப்பினா அந்தப் பொண்ணுக்குத் தலைவலிதான் வரும். பெருசா வேற இருக்கு, அவங்க போன்ல இறங்காது. பாடத்தை மட்டும் வெச்சுக்கிட்டு மீதியை நான் வெட்டிடறேன்."

"நல்லா இருக்கணும்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் டீச்சர். வெட்டி முடித்ததை அவள் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. தன் முகத்தைத் தானே பார்க்க, தன் குரலைத் தானே கேட்க அவளுக்கு ஒரே கூச்சம்.

பகலெல்லாம் போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். சாயங்காலம் வந்ததும் பெயின்ட் புள்ளி தெறித்த அந்தப் போனை மகள் கையில் கொடுப்பார். வீடியோ போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம் விழும். பதில் மட்டும் வராது. முதலில், பிள்ளைக்கு வலி போலிருக்கிறது என்று நினைத்தாள் டீச்சர். வாரங்கள் ஓடின. ஐந்தாறு கணக்குகளை எழுதி அனுப்பிப் பார்த்தாள். விடைகளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள் பெண். எல்லாமே தப்பு.

தையல் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள் டீச்சர். வீட்டுக்காரர் குண்டூசியை வாயிலிருந்து எடுத்தார்.

"என்ன?"

"ஒண்ணுமே ஏறலைங்க. நான் அனுப்பினது அத்தனையும் வீண்."

"அளவு தப்பாயிட்டா துணியைத் திட்டி என்ன பிரயோஜனம்? ஆளை வரச் சொல்லி மறுபடி அளவெடுக்கணும்."

"அவளால வர முடியாதே."

"நீ போ."

லீவு நாளாகப் பார்த்துப் போனாள். அப்பா போனை மகளிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போயிருந்தார். ஒற்றை அறை வீடு. கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டிருந்தார்கள். வாயாடி அவளைப் பார்த்துச் சிரித்தாள், அவ்வளவுதான். அத்தைக்காரி டீயைக் கையில் கொடுத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"கட்டை இவ காலுக்குப் போட்டாங்களா வாய்க்குப் போட்டாங்களான்னே தெரியலை டீச்சர். இந்த வீட்டுல இப்ப என் சத்தம் மட்டும்தான் கேக்குது. எனக்கே சலிச்சுப் போச்சு."

டீச்சர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "வீடியோவெல்லாம் பாக்கறியா?"

"பாக்கறேன் டீச்சர்."

"அப்புறம் என்ன கஷ்டம்?"

"எனக்குக் கணக்கு வராது டீச்சர்."

"யாருடி சொன்னா?"

"யாரும் சொல்லலை." போர்வையின் நூலைப் பிரித்துக்கொண்டே பேசினாள். "மொத நாள் வீடியோல நீங்க தப்பாப் போட்டீங்கன்னு நெனச்சுக் கத்தினேன்."

"ஆமா, கட்டில்லேர்ந்து விழுந்துட்டாளோன்னு நான் கரண்டியோட ஓடி வந்தேன்" என்றாள் அத்தை.

"ஆனா வீடியோல யாருமே கத்தலை. நீங்களும் அழிக்கலை. அடுத்த கணக்குக்குப் போயிட்டீங்க. மறுநாளும் அப்படித்தான். தெனமும் அப்படித்தான். எல்லாரும் சரின்னு பேசாம இருக்காங்க, எனக்கு மட்டும் தப்பாத் தெரியுதுன்னா, கோளாறு என்கிட்டதானே டீச்சர்? அதான் போர்டுல இருக்கற மாதிரியே எழுதிப் பழகிட்டேன்."

டீச்சருக்குக் கையிலிருந்த டீ ஆறிப்போனது தெரியவில்லை. போனை வாங்கி, கூச்சத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, முதல் வீடியோவைப் போட்டாள். அவள் போர்டில் எழுதுகிறாள். தப்புச் செய்கிறாள். கண்ணிமைக்கும் நேரத்தில் போர்டு மாறிவிடுகிறது, புதுக் கணக்கு. நடுவில் இருந்த கூச்சல் இல்லை, எழுந்து நின்று விளக்கிய பிள்ளை இல்லை, திருத்தம் இல்லை. கொழுந்தன் ஆசையாகச் சுத்தம் செய்து வைத்திருந்தான்.

பையிலிருந்து பேனாவை எடுத்தாள். தாள் தேடவில்லை. மாவுக்கட்டின் மேலேயே எழுதினாள்: 12 − (5 − 3).

"போர்டை மறந்துடு. உனக்கு என்ன தோணுது?"

"உள்ள அஞ்சுல மூணு போனா ரெண்டு. பன்னெண்டுல ரெண்டு போனா பத்து." உடனே குரல் இறங்கியது. "ஆனா நீங்க அடைப்பை எடுத்துட்டு நாலுன்னு போட்டீங்க."

"நான் போட்டது தப்பு. வேணும்னுதான் போட்டேன். வகுப்புல அத்தனை பேரும் கூரை பிச்சுக்கற மாதிரி கத்தினாங்க. அந்தக் கத்தலைத்தான் நாங்க வெட்டிட்டோம். நான் ஒரு தடவை போட்டுப் பாத்திருக்கணும். பாக்கலை."

வாயாடி மாவுக்கட்டில் இருந்த எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்போ நான் கத்தினது சரியா டீச்சர்?"

"ஒவ்வொண்ணும் சரி."

பெண் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அத்தைக்காரி என்னமோ சொல்ல வாயெடுத்தவள், டீச்சர் கையைக் காட்டவும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். டீச்சர் அந்தத் தலையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

விஷயம் தெரிந்ததும் கொழுந்தன் அண்ணி கண்ணில் படாமல் சில நாள் கடைக்குப் பின்வாசல் வழியாக வந்துபோனான். கடைசியில் அவளே போய், "உன் தப்பு இல்லப்பா. இனிமே ஒரு கூச்சலையும் தொடாதே. பெருசா இருந்தா ரெண்டு மூணு துண்டா அனுப்பு" என்று சொல்லி அவனைக் கூட்டிவந்தாள்.

வகுப்பிலும் ஒரு புது வழக்கம் வந்தது. போனைப் பின்னாலிருந்து எடுத்து வாயாடியின் இடத்திலேயே, அவள் பெஞ்சிலேயே வைத்தாள். "நான் தப்புப் போட்டதும் யாரும் உடனே கத்தக் கூடாது. மொதல்ல அவ கத்தணும்" என்றாள் பிள்ளைகளிடம்.

"அவ சாயங்காலம்தானே டீச்சர் பாப்பா?" என்றான் ஒருவன்.

"ஆமா. அதுக்குத்தான் கொஞ்சம் பொறுக்கச் சொல்றேன்."

வேடிக்கையாகத்தான் இருந்தது. டீச்சர் தப்புப் போட்டுவிட்டு நிற்பாள். வகுப்பு முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு, கன்னம் உப்ப, அந்த பெஞ்சில் இருக்கிற போனையே பார்க்கும். சிலது சிரிப்பை அடக்க முடியாமல் டெஸ்க்குக்கு அடியில் போய்விடும். டீச்சர் தலையை ஆட்டியதும் "தப்பு" என்று ஒரு முழக்கம். சாயங்காலம் வீடியோவில், ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறவளைப் பார்த்து அத்தனை முகமும் காத்திருக்கும். அவள் கத்துவாள், ஒரு மூச்சுக்குப் பிறகு வகுப்பும் கத்தும். ஏன் தப்பு என்று அவள் குரலைப் பதிந்து அனுப்புவாள். மறுநாள் வகுப்பில் அதைப் போட்டுக் கேட்பார்கள். அத்தைக்காரியின் குரலும் நடுவில் வந்து விழும்: "காது வலிக்குதுடி, மெதுவாக் கத்து." பக்கத்து வகுப்பு வாத்தியார் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

வாய் திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் பரீட்சைப் பேச்சை எடுத்தால் மட்டும் பின்வாங்கினாள்.

"பரீட்சை ஹால்ல யாரும் கத்த மாட்டாங்களே டீச்சர். நான் நெனைக்கறது சரியா தப்பான்னு எப்படித் தெரியும்?" என்று ஒரு நாள் பதிந்து அனுப்பியிருந்தாள். அப்பாவும், "வற்புறுத்தாதீங்க டீச்சர், மறுபடி சுருண்டுக்கும்" என்றார். பேர் கொடுக்கக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. பெரிய சார் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

அந்த நிலையில் ஒரு சாயங்காலம் தையல் கடையில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் கூப்பிட்டது. வாயாடியின் குரல் பதிவு. ஒலியைப் பெரிதாக வைத்தாள்.

"டீச்சர், இன்னிக்கு ரெண்டாவது கணக்கு. புஸ்தகத்துல பதினாறுன்னு இருக்கு. நீங்க போர்டுல அறுபத்தொண்ணுன்னு எழுதிட்டீங்க. கடைசிவரைக்கும் அதை வெச்சே போட்டுட்டீங்க. நீங்க நிக்கவும் இல்லை. யாரும் வாயைப் பொத்தவும் இல்லை, கத்தவும் இல்லை. எல்லாரும் அப்படியே எழுதிக்கிட்டாங்க. நானும் மறுபடி மறுபடி ஓட்டிப் பாத்தேன். தப்புதான் டீச்சர். இது நீங்க வேணும்னு போட்டது இல்லைன்னு நெனைக்கிறேன்."

டீச்சர் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். பதினாறுதான்.

"என்னவாம்?" என்றார் வீட்டுக்காரர்.

"நெஜமாவே தப்புப் போட்டிருக்கேங்க. வகுப்புல ஒருத்தருக்கும் தெரியலை. எனக்கும் தெரியலை." சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "யாரும் கத்தாமயே அவளாவே கண்டுபிடிச்சிருக்கா."

அவர் தைத்துக்கொண்டிருந்த துணியின் ஒரு முனையை அவள் பக்கம் நீட்டினார். துடைத்துக்கொண்டாள். அங்கேயே உட்கார்ந்து பதில் பதிந்தாள்.

"நீ சொன்னதுதான் சரி. உன் பேரைப் பரீட்சைக்குக் கொடுக்கட்டுமா?"

பதில் வர நேரமாயிற்று. வந்தது ஒரே வார்த்தைதான். "கொடுங்க."

பரீட்சையன்று அப்பா அவளைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தார். கால் நீட்ட எதிரே இன்னொரு பெஞ்ச் போட்டு, தையற்காரர் கொடுத்தனுப்பிய துண்டுத் துணித் தலையணையை அடியில் வைத்தார்கள். அத்தைக்காரி வாசலோடு நிறுத்தப்பட்டாள். அவளுக்கு அதில் வருத்தம். கேள்வித்தாள் கொடுப்பதற்கு முன்னால் டீச்சர் கிட்டே வந்து பேனா இருக்கிறதா, தண்ணி இருக்கிறதா என்று பார்த்தாள்.

"டீச்சர்."

"என்னடி?"

"கேள்வித்தாள்லயே தப்பு இருந்தா கத்தலாமா?"

"கத்தினா வெளிய அனுப்பிடுவாங்க. பேசாம எழுது."

"எழுதறேன். ஆனா இருந்துச்சுன்னா அப்புறமா வந்து சொல்வேன்."

"சொல்லு" என்றாள் டீச்சர். மணி அடித்தது. அவள் அந்த அறையில் நிற்கக் கூடாது, வெளியே வந்துவிட்டாள். வராந்தா ஜன்னல் வழியாக ஒரு தடவை மட்டும் பார்த்தாள். ஹாலில் ஒரு சத்தமும் இல்லை. வாயாடி தலையைத் தூக்கி யார் முகத்தையும் பார்க்காமல், குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.