தறி அட்டை வந்த கொட்டகை

ஐப்பசி மாதம், புதன்கிழமை காலை. பிள்ளையார்பாளையத்தில் உலர் குப்பை வாங்கும் நாள். வீடுகளில் வாங்கிய காகிதமும் பிளாஸ்டிக்கும் வந்து சேரும் கொட்டகையில் நிற்கிறேன். அட்டைகளை அழுத்திக் கட்டும் இயந்திரம் ஓடுகிறது.

ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வருகிறாள்.

"மிசின நிறுத்துபா! எங்க டிசைன் அட்டையும் வந்துட்ச்சி!"

காலையில் பழைய பெட்டிகளோடு தறி அட்டைகளையும் அவளே தூக்கிக் கொடுத்துவிட்டாளாம். அவற்றில் உள்ள ஓட்டைகளின்படிதான் தறியில் பூவும் மயிலும் விழும். கல்யாணப் புடவை ஒன்று பாதியில் நிற்கிறது.

தரம் பிரிக்கும் செல்வி ஒரு பெட்டியைக் காட்டுகிறாள். அட்டைகள் இருக்கின்றன. அவற்றை வரிசையாகக் கோத்திருந்த கயிறு இல்லை.

"அறுத்துட்டியாக்கா?"

"கயிறு கலந்தா பேப்பர் மில்லுல வாங்க மாட்டாங்கமா."

"நம்பர் போட்டிருக்குமே?" என்கிறேன்.

"எண்ணெ பட்டு அழிஞ்சிபோச்சி சார். ஒண்ணு மாறினாலும் மயிலு கழுத்து கோணிக்கும்."

செல்வி பெட்டிக்குள் எட்டிப் பார்க்கிறாள். "ஒரு ஓரத்துலேர்ந்து அறுத்துக்கினே வந்து, ஒண்ணுமேல ஒண்ணாதான் அடுக்கினேன். பெட்டி சாயாம போனா வரிசை அப்படியே இருக்கும்."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பெட்டியைத் தூக்கிச் சந்தில் இறங்குகிறார்கள். எதிரே ஷேர் ஆட்டோ ஹாரன் அடிக்கிறது.

"ஓரம் போக்கா!"

"நீ ரிவர்ஸ் எடுபா" என்கிறாள் செல்வி, பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆட்டோ பின்னால் நகர்கிறது.