ஏட்டு எழுதிய ஒரே புகார்

ஏட்டு பிலவேந்திரனுக்குக் கதை கட்டத் தெரியாது. கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுதிப் பழகிய போலீஸ்காரர். 1968இல் நடந்த இதை அவர் சாகும்வரை ஒரு வார்த்தை மாற்றாமல்தான் சொன்னார்.

சென்னையில் பெரிய ஸ்டேஷனில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். அங்கே புகாரோடு வரும் கூட்டத்தில் வராந்தாவில் நிற்க இடமிருக்காது. சொந்த மாவட்டத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கினார். கிடைத்தது மொரப்பூரிலிருந்து அரை மணி பஸ் தூரத்தில் ஒரு புறக்காவல் நிலையம். ஒரு அறை, ஒரு லாக்கப், வாசலில் மூன்று படி.

நான்கு மாதத்தில் ஒருவர்கூடப் படியேறவில்லை. ஆடு களவு போனது, வரப்புச் சண்டையில் மண்டை உடைந்தது. யாரும் வரவில்லை. அவரே ஊருக்குள் போய்க் கூப்பிட்டார். கதவைச் சாத்திக்கொண்டார்கள். வாசல்வரை வந்த ஒன்றிரண்டு பேரும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடினார்கள்.

"நாலு மாசமா ஒரு கேசுகூட இல்லையா? தூங்குறியாய்யா?" என்று மொரப்பூர் ஸ்டேஷனில் எல்லார் முன்னாலும் கத்தினார் இன்ஸ்பெக்டர்.

ஏப்ரல் 16, செவ்வாய்க்கிழமை. மதியம் 1.50.

"ஐயா…"

மேஜைக்கு முன்னால் ஒரு பெண். அவள் படியேறிய சத்தம் கேட்கவில்லை.

"உக்காரும்மா!" சந்தோஷத்தில் அவருக்குப் பேனாவைத் திறக்க வரவில்லை.

"எங்கூட்டுக்காரர இங்க கூட்டியாந்தாங்க. இன்னும் வூடு வரலீங்க."

அவள் பெயர் பாஞ்சாலி. புருஷன் பெயர் மாது. எழுதினார். வெளியே தார் உருகும் வெயில். அவள் நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. மேஜையில் கை ஊன்றினாள். அங்கிருந்த தூசி கலையவில்லை.

"எப்ப கூட்டியாந்தாங்க?"

"நேத்து."

நேற்று முழுக்க அவர்தான் டியூட்டி. "இங்க யாருமே இல்லம்மா. லாக்கப்பப் பாரு, காலி."

அவள் கம்பியருகே போய்க் குனிந்தாள். "சாப்டியா?" என்று கேட்டாள்.

உள்ளே… யாரோ இருமினார்கள்.

2.10. சாவியை எடுத்தார்.

திறந்தார்.

காலி.

மறுபடி இருமல்… அவர் காதருகே.

திரும்பினார். பாஞ்சாலி இல்லை.

புகாரை இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோனார். "மாதுன்னு எவனையும் புடிச்சதே இல்ல" என்று கிழித்துப் போட்டார் அவர். பிலவேந்திரன் ஆத்திரத்தோடு ஊருக்குள் நுழைந்தார். வழக்கம்போல் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"வாயத் தொறந்து சொல்லுங்க! யாரு மாது?" என்று தெருவில் நின்று கத்தினார்.

இட்லிக் கடை ராயம்மாள் மட்டும் உள்ளே போகவில்லை.

"பதினோரு வருசமாச்சுங்க. திருட்டுன்னு கூட்டிக்கிட்டுப் போனாங்க. மாது திரும்பல. பாஞ்சாலி ஒம்பது நாளு பட்டினியா அந்தப் படியில கெடந்தா. புகார யாரும் எழுதிக்கல. அங்கயே செத்தா."

பிலவேந்திரன் தொப்பியைக் கழற்றினார். ஆனால் ஆத்திரம் அடங்கவில்லை. "மொதல்லயே சொல்றதுக்கு என்ன? நான் என்ன அடிக்கவா போறேன்? போலீசுன்னா அவ்ளோ பயமா?"

"உங்களுக்குப் பயந்து இல்லீங்க ஏட்டையா." ராயம்மாளின் பார்வை அவர் முகத்தில் இல்லை, தோளுக்கு மேலே இருந்தது. "நீங்க வர்ற வரைக்கும் அவ படியிலதான் உக்காந்திருந்தா. நீங்க வந்த நாள்ல இருந்து… உங்க பின்னாலதான் நிக்கிறா."

பிலவேந்திரன் திரும்பிப் பார்க்கவில்லை.